அரை மில்லிகிராம்

டிஸ்சார்ஜ் ஆன அன்று நர்ஸ் ஒரு பாலித்தீன் பையில் ஆறு வகை மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் முப்பது வருஷமாகப் பூச்சிமருந்து டப்பாக்களைப் படித்துப் பழகியதில் இந்த மாதிரிப் பெயர்கள் அவரை மிரட்டுவதில்லை. ஆஸ்பிரின், டிக்காக்ரெலார், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், பான்டோப்ரசோல். ஆறாவது அட்டையில் நின்றுவிட்டார். கோல்ச்சிசின், 0.5 மி.கி.

“ஏங்கண்ணு, இது நம்ம கண்வலிச் சத்துதான?”

எனக்கு உடனே புரியவில்லை.

“வெதை வாங்க வர்ற வியாபாரி இதைத்தான் சொல்லுவாரு. கோல்சிசின், கோல்சிசின்னு. இதையப் போயி எனக்கு எதுக்குக் குடுக்கறாங்க?”

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டிருந்தார். நான் போனில் தேடினேன். அப்பா சொன்னது சரி. பொறியியல் படித்து, பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்த எனக்குத் தெரியாத ஒரு மூலக்கூறின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. காரணம், அதை அவர் விளைவித்திருக்கிறார்.

எங்கள் ஊர் மூலனூருக்குப் பக்கம். மழை ஏமாற்றும் பூமி. ஒரு காலத்தில் புகையிலையும் மிளகாயும் போட்டவர்கள், விலை கிடைக்கிறது என்று கண்வலிக்கிழங்குக்கு மாறினார்கள். அப்பாவும் இரண்டு ஏக்கரில் போட்டார். நீங்கள் இதைச் செங்காந்தள் என்று படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் ஒரு பெயர் உண்டு. எங்கள் பக்கம் வெறும் ‘கண்வலி’தான். ஆடியில் ஊன்றினால் கொடி கிளுவைக் குச்சியையும் கம்பியையும் இலை நுனியால் பற்றிக்கொண்டு ஏறும். புரட்டாசியில் பூக்க ஆரம்பிக்கும். மொட்டு விரியும்போது பச்சை, அப்புறம் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு, கடைசியில் முழுக்கச் சிவப்பு. பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அது வேலை. அந்தப் பூவின் சூல்தண்டு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒடிந்தாற்போல் வளைந்துகொள்ளும். மகரந்தம் தானாகப் போய் விழுவது கஷ்டம். அதனால் விடிந்ததும் ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நானும் இரண்டு சால் தொட்டு வைத்துவிட்டுத்தான் போவேன். முடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அம்மா சோற்றுத் தட்டைத் தர மாட்டார்.

ஏனென்றால் அது விஷம். கிழங்கு, விதை, இலை எல்லாமே.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஊரில் ஒரு அக்கா அந்தக் கிழங்கால் செத்துப்போனார். அவரை மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் அப்பாவும் ஒருவர். முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்து பேசியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகுதான் உள்ளே ஒவ்வொன்றாக நின்றுபோனது. கோல்ச்சிசின் நஞ்சு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். அதற்கு முறிவு மருந்து இன்றைக்கும் புழக்கத்தில் இல்லை. அப்பா அதைப் படிக்கவில்லை, பார்த்திருக்கிறார். அடுத்த இரண்டு வருஷத்தில் கண்வலியை அழித்துவிட்டு முருங்கை போட்டார். விலை இறங்கிவிட்டது என்று காரணம் சொன்னார்.

அவர் கையில்தான் 2024 தை மாதம் அந்த அட்டையைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒறம்பரைகள் வர ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம். பெரியம்மா பூண்டைத் தேனில் ஊறவைத்துக் கொண்டுவந்தார். மாமா மருதம்பட்டைப் பொடி. சித்தப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து மஞ்சள் கேப்ஸ்யூல் ஒரு டப்பா, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “இது நேச்சுரல், சைடு எஃபெக்ட்டே கெடையாது.” அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம், “கண்வலியும் நேச்சுரல்தான?” என்றார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத்தான் அன்றிரவிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கு இருந்தது பயம்தான். ஆனால் படிக்கப் படிக்க, இதய நோயைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த படமே மாறிப்போனது.

எல்லோரையும் போல நானும் மாரடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். கிச்சன் சிங்க் மாதிரி. உண்மையில் ரத்தக்குழாயின் உள்பரப்பில் கொழுப்பு வெறுமனே படிவதில்லை. அது சுவருக்குள்ளே நுழைகிறது. உடம்பு அதை அந்நியனாகப் பார்த்து வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொழுப்பைத் தின்று, உப்பி, செத்து, அங்கேயே குவிகின்றன. புண் ஆறாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. அந்த அழற்சிதான் மேல்மூடியை மெலிய வைக்கிறது. ஒருநாள் மூடி கிழிந்து, மேலே ரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அமெரிக்க நோயியலாளர் ரஸ்ஸல் ராஸ் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே இதய நாள நோயை ஓர் அழற்சி நோய் என்று அறிவித்தார். 2010-இல் இன்னொரு கண்ணி கிடைத்தது. கொலஸ்ட்ரால் நுண்ணிய படிகமாக மாறி, அதை விழுங்கும் வெள்ளை அணுக்களுக்குள் ஓர் அபாயமணியை அடித்துவிடுகிறது. அந்த மணி அடித்ததும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளியேறி மேலும் வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிறது. கீல்வாதத்தில் யூரிக் அமிலப் படிகம் மூட்டுக்குள் செய்வதும் இதையேதான்.

கீல்வாதம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு மணி அடித்தது. கோல்ச்சிசின் காலங்காலமாகக் கீல்வாதத்துக்குக் கொடுக்கப்படும் மருந்து. அங்கே அதை ஐரோப்பாவின் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து எடுத்தார்கள். கருங்கடல் ஓரத்துக் கோல்க்கிஸ் நாட்டின் பெயரே செடிக்கும் மருந்துக்கும் வந்தது. 1820-இல் பிரான்ஸில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். எங்கள் ஊர்க் கொடியிலும் அதே மூலக்கூறு இருக்கிறது. செல்லுக்குள் பொருட்களை ஏற்றிச் செல்லவும் செல் நகரவும் பிரியவும் உதவும் நுண்குழாய்கள் உண்டு. கோல்ச்சிசின் அந்தக் குழாய்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, குழாய் கட்ட விடாமல் செய்கிறது. டியூபுலினைக் கண்டுபிடித்ததே, கோல்ச்சிசின் எதைப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 1960-களில் தேடியபோதுதான். அளவு அதிகமானால் உடம்பில் வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாம் நின்றுபோகும். குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில். அந்த அக்காவுக்கு நடந்தது அதுதான். மிகக் குறைந்த அளவில், கோல்ச்சிசின் வெள்ளை அணுக்களில்தான் அதிகம் தங்குகிறது. புண்ணை நோக்கி ஓடும் அவற்றின் கால்களைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ஒரே கதவு; எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான் கணக்கு.

இதை இதயத்துக்குத் திருப்பிவிட நினைத்தவர்களில் முக்கியமானவர் மார்க் நிடார்ஃப். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து இதய மருத்துவர். அவரும் பீட்டர் தாம்ப்சனும் 2007-இல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் எடுத்துக்கொண்டிருந்த இதய நோயாளிகளுக்குக் கோல்ச்சிசினும் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இன்னும் இறங்கியது. அடுத்து 532 நோயாளிகள். பாதிப் பேருக்கு தினம் 0.5 மி.கி., மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2013-இல் வந்த முடிவு: சுமார் மூன்று வருஷத்தில், மருந்து எடுக்காதவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பிரச்சினை வந்தது, எடுத்தவர்களில் 5.3 பேருக்கு.

சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு நல்ல எண்ணைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். ஏதோ ஒரு பட்டனின் நிறத்தை மாற்றியதும் விற்பனை மூன்று மடங்கானது என்று யாராவது சொன்னால், முதலில் அளந்த முறையைத்தான் சோதிப்போம். இந்த ஆய்வில் போலி மாத்திரை இல்லை. யார் மருந்து எடுக்கிறார் என்பது நோயாளிக்குத் தெரியும். நிடார்ஃப் அதோடு நிறுத்தியிருந்தால் இதுவும் இன்னொரு பூண்டு வைத்தியமாக முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நோய் நிலையாக இருந்த 6,528 பேருக்கு முதலில் ஒரு மாதம் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தாண்டி வந்த 5,522 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2020-இல் முடிவு வந்தது: போலி மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 9.6, மருந்துக்காரர்களில் 6.8. பலன் சுருங்கிவிட்டது, ஆனால் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் மாண்ட்ரீலின் ழான்-குளோட் தார்திஃப், மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 7.1-க்கு 5.5. இவற்றை வைத்துத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூனில் இந்த அரை மில்லிகிராமை இதயத்துக்கு அனுமதித்தது.

வீட்டில் குவிந்திருந்த டப்பாக்களையும் இதே தராசில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளின் குர்குமினை ஆராய்ந்து 2017-இல் மினசோட்டா ஆய்வாளர்கள் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை, 120-க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுக் கண்ணைக் கட்டிச் செய்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்கிறது. சாப்பிட்ட குர்குமினில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதே சொற்பம். 2022-இல் கிளீவ்லண்டில் 190 பேரை வைத்து ஒரு சோதனை: குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின் ஒரு பக்கம், மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள் உட்பட ஆறு துணைப்பொருட்கள் இன்னொரு பக்கம். 28 நாளில் ஸ்டாட்டின் கெட்ட கொழுப்பை 37.9 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறும் போலி மாத்திரையைத் தாண்டவில்லை; பூண்டு எடுத்தவர்களுக்கு அது கொஞ்சம் ஏறியேவிட்டது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டின் விற்கும் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் காட்டி ‘இயற்கை எல்லாம் பொய்’ என்று முடித்துக்கொள்ளலாம். அதுவும் சரியில்லை. ஸ்டாட்டினின் கதையே ஒரு பூஞ்சையில் தொடங்கியது. 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ சுமார் 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். மூலக்கூறு செடியில் வந்ததா, ஃபேக்டரியில் வந்ததா என்று ஈரலுக்குத் தெரியாது. பெரியம்மாவின் பூண்டுக்கும் அப்பாவின் கண்வலிக்கும் வித்தியாசம், இரண்டாவதை யாரோ ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் விழுங்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான்.

இதையெல்லாம் சுருக்கி அப்பாவிடம் சொன்னேன். நூறு பேர் என்று வைத்துச் சொன்னேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நூத்துல தொண்ணூறு பேருக்குத் தின்னாலும் ஒண்ணுதான், திங்காட்டியும் ஒண்ணுதான்?”

“கிட்டத்தட்ட அப்படித்தானுங்ப்பா.”

“நான் எதுல இருக்கறேன்?”

அது தெரியாது என்றேன். யாராலும் சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “தொட்டு வெச்ச பூவெல்லாமா காய் புடிக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிரவு முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அம்மா சொன்னார்; நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்து இருமல் விடவில்லை. நான் பெங்களூரில் இருந்தேன். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டி மருந்து வாங்கி வந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, “இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா” என்று கேட்டார். கிளாரித்ரோமைசின். அந்தப் பெயரை நான் படித்திருந்தேன். உடம்பிலிருந்து கோல்ச்சிசினை வெளியேற்றும் வழிகளை அடைத்துவிடும் ஆன்டிபயாட்டிக். அரை மில்லிகிராம் அரை மில்லிகிராமாகவே இருக்கும், ஆனால் போகாமல் சேரும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்து இறந்திருக்கிறார்கள். அப்பாவின் மற்ற இரண்டு மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. சீட்டை எழுதியவர் என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

போன் பண்ணும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா எடுத்தார்.

“நேத்தே நிறுத்திட்டேன் கண்ணு.”

“எதைங்ப்பா?”

“கண்வலி மாத்திரையை. காத்தால ரெண்டு தடவை வயித்தால போச்சு. பத்து மாசமா போகாத வயிறு இப்ப ஏன் போகோணும்? எனக்குத் தெரியாதா அது.”

அவர் எந்த ஆய்வையும் படிக்கவில்லை. மொபெட்டில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணை முப்பது கிலோமீட்டர் பிடித்துக்கொண்டு போனவர்.

மறுநாள் காலையில் கோயம்புத்தூர் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் அணுக்களும் சரியாக இருந்தன. ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார். “நிறுத்துனது ரொம்ப சரிங்க. ஆனா நிறுத்திட்டு யாருகிட்டயும் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அது தப்பு” என்றார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை மாதம் கட்டுரைகளைப் படித்த நான், இந்த மருந்துகளோடு இதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கவில்லை.

அதே சமயத்தில்தான் இன்னொரு முடிவும் வெளிவந்தது. கனடாவின் ஹாமில்டனிலிருந்து சஞ்சித் ஜாலி தலைமையில், மாரடைப்பு வந்த உடனேயே மருந்தைத் தொடங்கிய 7,062 பேர். இதுவரை நடந்ததிலேயே பெரியது. போலி மாத்திரையில் நூற்றுக்கு 9.3, மருந்தில் 9.1. அதாவது, வித்தியாசம் இல்லை. அதைப் படித்த இரவு எனக்கு ஏற்பட்டது கோபம். அப்பாவிடம் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேனே. ஒரு சதவீதப் புள்ளியோ இரண்டோ மிச்சம் என்று நம்பித்தானே, அவர் பயந்த பொருளையே அவர் வாயில் போட வைத்தோம்.

2025 தையில் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அந்த முடிவு தன்னையும் யோசிக்க வைத்தது என்றார். மாரடைப்பு வந்த புதிதில் கொடுப்பது பற்றி முன்பிருந்த உறுதி இப்போது தனக்கு இல்லை. ஆனால் நோய் அடங்கி நிலையாக இருப்பவர்களிடம் நிடார்ஃப் கண்ட பலன் இன்னும் நிற்கிறது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 வழிகாட்டுதலும் அவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்கிறது. “உங்கப்பா போன வருஷம் ஒரு கூட்டத்துல இருந்தாரு. இப்ப ஒரு வருஷம் ஆச்சு, வேற கூட்டத்துக்கு வந்துட்டாரு. தொடரலாம், நிறுத்தவும் செய்யலாம். ரெண்டுமே தப்பில்ல. அவரே சொல்லட்டும்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். என் மனசும் அதைத்தான் விரும்பியது என்று நினைக்கிறேன். அவர் டாக்டரிடம் வேறொன்று கேட்டார்.

“ஏனுங், அந்த ஏழாயிரம் பேருல பாதிப் பேரு வெறும் மாவு மாத்திரையவா தின்னாங்க?”

“ஆமாங்க.”

“தெரிஞ்சேவா?”

“தெரியாமத்தானுங்க. ஆனா பாதிப் பேருக்கு மாவுதான்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குவாங்க.”

அப்பா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டு தொடரலாம் என்றார். ஏன் என்று நான் வழியில் கேட்டேன். “யாருன்னே தெரியாத சனம், நமக்காவத் தின்னு பாத்திருக்குது. ஒரு வருஷம் ஒத்துக்கிச்சு. பாக்கலாம்” என்றார். அது மருத்துவக் காரணம் இல்லை. என்னிடமும் அதைவிட நல்ல காரணம் இல்லை.

வீட்டில் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆறு மாத்திரைகளின் பெயரும் வேளையும் என் கையெழுத்தில். அதன் கீழே, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி, அப்பாவின் கையெழுத்து: ‘எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளைக் கொண்டுபோகவும். வயித்தால போனால் கண்வலி மாத்திரையை நிறுத்தி, உடனே போன் செய்யவும்.’ பூண்டுத் தேன் பாட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலேயே இருக்கிறது. பெரியம்மா வரும் அன்று மட்டும் அப்பா ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்கிறார்.